பிள்ளை படிப்பது தெருவுக்குத் தெரியும்படி இடத்தை அமைப்பதற்கு ஒரு சொல் (வெள்ளிக்கு முன் வேணும்)

(எங்கள் குழுமத்தில் ஊர்ப்பெயரே ஆளின் பெயர். புதியவர்கள் குழம்ப வேண்டாம்.)

கோண்டாவில், செவ்வாய் இரவு

எல்லாருக்கும் வணக்கம். வெள்ளி காலமை அச்சகத்துக்குத் துண்டுப்பிரசுரம் குடுக்க வேணும். ஒரு சொல்லில வந்து நிக்குது.

எங்கட முன்பள்ளியின்ர றோட்டுப் பக்க மதில் கார்த்திகை மழைக்கு விழுந்தது. திருப்பிக் கட்டேக்கை ஆளுயரத்துக்குப் போகாமல் இடுப்பளவில நிப்பாட்டி, மேல கம்பிவலை அடிச்சம். உள்சுவரில பிள்ளையள் செய்யிற வேலையின்ர படமும், அவை வாயால சொன்ன வசனமும். தாய் தகப்பன் நிண்டு வாசிக்கிற உயரத்தில ஒட்டியிருக்கு. சித்திரையில முருங்கை மரத்து நிழலை ஈர்க்கால அளந்தவை. நாலரை வயசுப் பெடியன் ஒருத்தன் "மத்தியானம் நிழல் மரத்துக்குள்ள போட்டுது" எண்டான். அதை அப்பிடியே பெரிய எழுத்தில எழுதி வைச்சம். பேரனைக் கூட்ட வந்த ஐயா ஒராள் சைக்கிளில இருந்தபடி அதை வாசிச்சார். பேந்து இறங்கி வந்து வலையைப் பிடிச்சுக்கொண்டு இன்னொருக்கா வாசிச்சார்.

அவர் ஒராள். மற்ற ஆக்கள் கேக்கிறது, "ரீச்சர், எப்ப அ, ஆ எழுதப் பழக்குவியள்?"

இடத்தை இப்பிடி ஒழுங்குபடுத்துறதும் ஒரு படிப்பிப்புத்தான், அது சனத்துக்கும் தெரியவேணும். ஆங்கிலத்தில 'தேர்ட் ரீச்சர்', 'மேக்கிங் லேர்னிங் விசிபிள்' (படிப்பைக் கண்ணுக்குத் தெரியப்பண்ணுறது) எண்டு சொல்லி முடிச்சிடுகினம். தமிழில தலைப்புக்கு ஒரு சொல் தாங்கோ. பெயர்ப்பலகைக்கும் அதுதான். பலகை எழுதுற அண்ணை எழுத்துக் கணக்கில காசு வாங்குவார், அதையும் மனசில வைச்சுக்கொள்ளுங்கோ.

ஸ்காபரோ, செவ்வாய் (இங்கே மத்தியானம்)

தங்கச்சி, இந்தச் சிந்தனை இத்தாலியில ரெஜ்ஜோ எமிலியா எண்ட நகரத்தில வளர்ந்தது. கட்டடக்கலை படிக்கேக்கை எங்களுக்கு அதைக் காட்டினவை. 1945இல் சண்டை முடிஞ்ச கையோட, பக்கத்து வில்லா செல்லா கிராமத்துச் சனம் ஜெர்மன்காரர் விட்டுப்போன ஒரு டாங்கியையும் சில லொறிகளையும் குதிரைகளையும் வித்து, அந்தக் காசில பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டத் தொடங்கிச்சினம். குண்டு விழுந்து இடிஞ்ச வீட்டுக் கல்லு, ஆத்து மணல். இதைக் கேள்விப்பட்டு லோரிஸ் மாலகுட்ஸி எண்ட இளம் ஆசிரியர் சைக்கிளில போய்ப் பார்த்தார். பிறகு வாழ்நாள் முழுக்க அந்த வேலைதான். நகரசபை நடத்தின முதல் பள்ளி 1963இல் திறந்தது. பிறகு வந்த பள்ளிகளில நடுவில ஊர்ச் சதுக்கம் மாதிரி ஒரு கூடம், அறைகளுக்கிடையில கண்ணாடி, சமையலறையும் பிள்ளைகளுக்குத் தெரியும். சுவர் முழுக்கப் பிள்ளைகள் சொன்னதும் செய்ததும்.

வகுப்பில ரெண்டு ஆசிரியர், இடம் மூண்டாவது. அதுதான் அந்தப் பெயர். நேரடியா 'மூன்றாம் ஆசிரியர்' எண்டே போடுங்கோவன்.

கரவெட்டி, புதன் காலை

வேண்டாம். முப்பது வருடமாக அரச ஆவணங்களை மொழிபெயர்த்தவன் சொல்கிறேன். 'மூன்றாம் ஆசிரியர்' என்று பலகையில் எழுதினால் தரம் 3 படிப்பிக்கிறவர் என்று நினைப்பார்கள். ஆசிரியர் சேவையிலும் வகுப்பு 3 உண்டு. பதவி உயர்வு கிடைக்காத யாரோ என்று அனுதாபப்படுவார்கள்.

வட்டுக்கோட்டை, புதன்

மாதா, பிதா, குரு என்ற வரிசையில் மூன்றாவது இடம் ஏற்கெனவே ஆசிரியருக்குத்தான். சுவரை அங்கே உட்கார்த்தினால் குருவைத் தெய்வத்தின் இடத்துக்குத் தள்ள வேண்டிவரும். சம்பளம் இன்னும் குறையும்.

கோயம்புத்தூர், புதன்

வணக்கம். எங்க பக்கம் அரசுப் பள்ளிகள்ல இதுக்கு 'பாலா'ன்னு ஒரு திட்டம் உண்டு. ஆங்கில எழுத்துகளோட சுருக்கம்தான், கட்டடமே கற்றல் கருவிங்கறது பொருள். தில்லி கட்டடக் கலைஞர் கபீர் வாஜ்பேயி உருவாக்கினது. கதவு திறக்கிற இடத்துல தரையில கோணமானி வரைஞ்சிருப்பாங்க. குழந்தை கதவைத் தள்ளுறப்போ முப்பது, அறுபது, தொண்ணூறுன்னு பாகை தெரியும். சன்னல் கம்பியவே வளைவு வளைவா செஞ்சு, விரலால தடவி எழுத்துக்குக் கை பழகுற மாதிரி வைப்பாங்க. 'பாலா'ங்கறதையே எடுத்துக்கலாமே? வடமொழியில குழந்தைன்னும் வருது.

வட்டுக்கோட்டை, புதன்

தம்பி, கதவுக் கோணமானி மிக நன்று. பெயர் வேண்டாம். எங்கள் ஒழுங்கையில் மட்டும் மூன்று பாலா இருக்கிறார்கள், ஒருவர் கோழி விற்கிறார்.

வேரிலிருந்து வருவோம். கல்வியின் வேர் 'கல்'. கல்லுதல் என்றால் தோண்டுதல். வள்ளுவர் தொட்டனைத்து ஊறும் மணற்கேணியைக் கற்றனைத்து ஊறும் அறிவுக்கு வைத்தது தற்செயலாக இராது. அவர் கேணி மணற்கேணி. நமக்கோ ஆறில்லை, சுண்ணாம்புக் கல்லைக் கல்லித்தான் தண்ணீர் கண்டோம். ஆகவே 'கல்' என்ற வினையின் முழுப்பொருள் தெரிந்தவன் யாழ்ப்பாணத்தான். அடுத்தது 'புலம்'. இடம் என்றும் பொருள், புலன் என்றும் பொருள், அறிவு என்றும் பொருள். செட்டிபுலம், பனிப்புலம் என்று நம் ஊர்ப்பெயர்களிலும் வாழ்கிறது. கண்ணுக்குப் புலப்படும் கல்வி, கல்வி நிகழும் புலம், இரண்டும் ஒரே சொல்லில்: கற்புலம்.

மானிப்பாய், புதன் மாலை

ஐயா, பலகை சின்னன் எண்டால் 'கற்பு' ஒரு வரியிலும் 'லம்' அடுத்த வரியிலும் வரும். முன்பள்ளி வாசலில!

கரவெட்டி, புதன் மாலை

இலக்கணமும் இடம் தராது. கற்கும் புலம் என்று விரிந்தால் அது வினைத்தொகை. கொல்களிறு, வெல்படை என்றுதானே வழங்குகிறோம், கொற்களிறு என்றா சொல்கிறோம்? 'கற்புலம்' என்று திரித்தால் முன்னால் நிற்பது பெயர்ச்சொல்லான கல். கற்பலகை படிக்கும் பலகை அல்ல, கல்லால் ஆன பலகை. அந்தக் கணக்கில் கற்புலம் என்றால் கல்லுக் காணி. அதற்கு எங்களிடம் 'கலட்டி' என்று நல்ல சொல் இருக்கிறது.

என் முன்மொழிவு: 'கற்றல் சூழல்'. எல்லோருக்கும் தெரியும். முடித்துவிட்டு வேலையைப் பார்ப்போம்.

கோண்டாவில், புதன் இரவு

கரவெட்டி ஐயா, அந்தச் சொல்லுத் தெரிஞ்சதுதான் பிரச்சினை. 'கற்றல் சூழல்' எண்டால் ஃபான் வேலை செய்யுதோ, மலசலகூடம் துப்புரவோ எண்டுதான் பெற்றார் விளங்குவினம். நாங்கள் சொல்ல வாறது அது இல்லை.

மானிப்பாய், புதன் இரவு

எங்கட ஊர்ச் சங்கதி ஒண்டு சொல்லிப்போட்டுப் போறன். 1847இல் அமெரிக்க மிஷனோட வந்த கிறீன் வைத்தியர் மானிப்பாயில இருந்து தமிழில மேலைத்தேய மருத்துவம் படிப்பிச்சவர். அந்தக் காலத்து மருத்துவ நூலில உடற்கூற்றியலுக்கு அங்காதிபாதம், உடற்றொழிலியலுக்குச் சுகரணவாதம், சுகாதாரத்துக்கு உற்பாலனம். எவ்வளவு உழைப்பு! இண்டைக்கு 'உற்பாலனம்' எண்டால் பால் விட்டுச் செய்யிற பலகாரம் எண்டுதான் பெடியள் நினைப்பினம். சொல்லு நிக்கிறது அகராதியில இல்லை, வாயில. நான் சொல்லுறது படலைக் கல்வி (படலை எண்டால் வேலி வாசல் கதவு). சங்கடப்படலையை யோசியுங்கோ: மேல கூரை, ரெண்டு பக்கமும் குந்து, போறவாறவனும் இருந்து இளைப்பாறலாம். வீட்டுக்காரனுக்கும் தெருவுக்கும் நடுவில உள்ள இடம். ரீச்சரின்ர மதிலும் அப்பிடித்தானே?

ஸ்காபரோ

படலையில நிண்டு வம்பளக்கிறதுதான் எங்கட அம்மாவின்ர ஒரே படலைக் கல்வி. மன்னிக்கவும்.

வட்டுக்கோட்டை, வியாழன் விடிய

கற்புலத்தை மீட்டுக்கொள்கிறேன். கலட்டி என்றது வலித்தது, ஆனால் நியாயம்.

நித்திரை வரவில்லை. ரீச்சரின் பெற்றோர் ஏன் அ, ஆ கேட்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மதிலே இல்லை. ஆனால் யாரும் எட்டிப் பார்க்கவும் இல்லை. தேவையில்லை, காதில் விழுந்தது. சட்டாம்பிள்ளை எண்சுவடி சொல்ல, மற்றவர்கள் கூடச் சொல்லுவார்கள். கிணற்றடியில் தண்ணீர் அள்ளுகிற தாய்க்கு மகன் எந்த வாய்பாட்டில் நிற்கிறான் என்று தெரியும். சத்தம் நின்றால் படிப்பு நின்றது. குறளிலும் கல்வி, கல்லாமை, அடுத்த அதிகாரம் கேள்வி. நான் படிப்பித்த காலத்திலும் அதிபர் ஒழுங்கையில் நடந்தபடி காதால்தான் வகுப்பை மேற்பார்வை செய்தார். என் வகுப்பு அமைதியாக எழுதிக்கொண்டிருந்த நாளில், நான் நித்திரை என்று எண்ணி உள்ளே வந்தார்.

ரீச்சரின் பிள்ளைகள் சத்தமில்லாமல் ஈர்க்கால் நிழலை அளக்கின்றன. தெருவுக்குக் கேட்க ஒன்றும் இல்லை. கேட்டுப் பழகிய சனத்தைப் பார்க்கப் பழக்குவதுதான் இங்கே வேலை.

அதற்கு 'பயில்' என்ற வினை பொருந்தும். பயில்தல் கற்றல் மட்டுமல்ல. பழகுதல், தங்குதல், நெருங்கியிருத்தல் என்றும் பொருள் உண்டு. ஓரிடத்தில் தங்கித் தங்கி அதோடு பழகுவதே கற்பது என்று சொல்லே சொல்கிறது.

கோயம்புத்தூர்

பயிலகம்?

கரவெட்டி

அது ஏற்கெனவே ரியூசன் கொட்டிலின் பெயர்ப்பலகையில் இருக்கிறது. புலமைப்பரிசில் வகுப்பு என்று நினைத்துக் காசு கட்ட வருவார்கள்.

கோயம்புத்தூர்

பயில்களம், பயில்வெளி?

கோண்டாவில், வியாழன் பின்னேரம்

களம் எண்டால் எங்கட ஆக்களுக்கு வேற ஞாபகம் வரும். வெளி எண்டால் வெளிக்குப் போறது. முன்பள்ளிப் பிள்ளையள், யோசியுங்கோ. பயில்முற்றம் எண்டால் என்ன? முற்றம் எல்லா வீட்டிலையும் இருக்கு. வாறவையும் அதிலதான் முதல் நிப்பினம். பிள்ளையள் விளையாடுறதும் அதில.

வட்டுக்கோட்டை

நன்று. ஆனால் 'முன்றில்' இருக்க முற்றம் ஏன்? இல்லத்தின் முன் என்பது முன் பின்னாக மாறி 'முன்றில்' ஆனது, இலக்கணப்போலிக்கு நாம் எல்லோரும் மனப்பாடம் செய்த உதாரணம். பயில்முன்றில்.

மானிப்பாய்

ஐயா, மனப்பாடம் செய்த எல்லாருக்கும் தெரியும். முன்றிலைக் கூட்டின ஒருத்தரையும் நான் காணேல்ல. முற்றத்தைத்தான் கூட்டுறம்.

ஸ்காபரோ

அந்த இத்தாலிப் பள்ளிகளின்ர நடுக்கூடமும் ஏறக்குறைய எங்கட நாற்சார் வீட்டு நடுமுற்றம்தான். முற்றத்துக்கு என் வாக்கு.

கோண்டாவில், வியாழன் இரவு

இதுவரைக்கும் பயில்முற்றம் ஆறு, கற்றல் சூழல் மூண்டு, படலைக் கல்வி ஒண்டு (மானிப்பாய் அண்ணைதான்). எனக்கு இனி ஏலாது, பயில்முற்றம் எண்டு குடுக்கப் போறன். பலகை அண்ணையைக் கேட்டன், ஏழெழுத்தாம். புள்ளி வைச்ச எழுத்துக்கும் முழுக்காசு.

வட்டுக்கோட்டை

அநியாயம். மெய்க்கு அரை மாத்திரைதான். அரைக்காசு கொடுங்கள்.

கரவெட்டி, வெள்ளி காலை

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் கல்வித் திணைக்களத்துக்கு எழுதும் கடிதத்தில் 'கற்றல் சூழல்' என்றே போடுங்கள். 'பயில்முற்றம் அமைக்க உதவி தேவை' என்று எழுதினால் மூன்று லோட் மணல் அனுப்பிவிட்டுக் கோப்பை மூடுவார்கள்.

கோண்டாவில், ஞாயிறு

பிரசுரம் வந்திட்டுது. மேல பெரிசா "உங்கட பிள்ளை இண்டைக்கு என்ன கண்டுபிடிச்சது? வந்து பாருங்கோ" எண்டு போட்டு, கீழ 'பயில்முற்றம்' எண்டு போட்டிருக்கு. கோயம்புத்தூர்த் தம்பியின்ர கோணமானியையும் வாசல் கதவடியில கீறினம். முதல் நாளே ஒரு பிள்ளை கதவைப் பாதியில பிடிச்சுக்கொண்டு ஒருத்தரையும் உள்ள விடேல்ல. "இப்ப நாப்பத்தஞ்சு, அசையாதையுங்கோ" எண்டு நிண்டுது. பின்னால தாய்மார் வரிசை. பலகையும் கொழுவியாச்சு.

வட்டுக்கோட்டை, ஞாயிறு இரவு

மகிழ்ச்சி. ஒரு சிறு குறை. லகர ஈற்றின் முன் மெல்லினம் வந்தால் லகரம் னகரமாகும் என்பது நன்னூல் விதி, அல்வழி, வேற்றுமை இரண்டுக்கும் பொது. கல் முன் மலை வந்தால் கன்மலை. ஆகவே பயில் முன் முற்றம் வந்தால் பயின்முற்றம். எழுத்து எண்ணிக்கை மாறாது.

கோண்டாவில்

ஐயா, பெயின்ற் காய்ஞ்சிட்டுது.

வட்டுக்கோட்டை

மழைக்குப் பிறகு எப்படியும் திருப்பி அடிப்பீர்கள்தானே. நினைவூட்டுவேன்.