காசு கொடுத்து ரிவெர்ப் வாங்கினா குரல் தெளியுமா?

கேள்வி (வீணைத்தந்தி)
ரீப்பர்ங்கற ரெக்கார்டிங் மென்பொருள்ல ஒரு மெலடி மிக்ஸ் பண்றேன். 92 பிபிஎம் (நிமிஷத்துக்கு 92 பீட்), பெண் குரல், வீணை, தபலா, அடியில ஒரு பேட் (நீட்டிப் பிடிக்கற சின்த் சத்தம்). குரல் டிராக் மேலயே ரீப்பரோட வர்ற ரியாவெர்பேட்ங்கற ரிவெர்ப் (அறை எதிரொலி சேர்க்கற) பிளகின் போட்டிருக்கேன், ரூம் சைஸ் 80. வரி முடியற இடத்துல தகரத்தைத் தட்டின மாதிரி ரீங்காரம். வார்த்தையெல்லாம் பஞ்சுக்குள்ள போன மாதிரி இருக்கு. குறைச்சா குரல் மொட்டையா நிக்குது. வல்ஹல்லா கம்பெனியோட வின்டேஜ்வெர்ப் பிளகின் 50 டாலர், வாங்கிடலாமா? இல்ல, அவங்களோட இலவச சூப்பர்மாசிவே போதுமா?

பதில் (ஃபேடர்_கீழே)
ப்ரோ, இது ரெண்டு தனித்தனி கோளாறு. ரீங்காரம் பிளகின் சம்பந்தப்பட்டது. வார்த்தை கரையறது நீங்க போட்ட விதத்தால. அதுக்கு எந்தப் பிளகின் வாங்கியும் பிரயோஜனம் இல்ல.

முதல்ல ரிவெர்பை குரல் டிராக்ல இருந்து எடுங்க. புது டிராக் ஒண்ணு போட்டு, குரல்ல இருந்து அதுக்கு போஸ்ட்-ஃபேடர் சென்ட் (குரல் லெவலோட சேர்ந்தே ஏறி இறங்கற நகல்) கொடுங்க, -15 டிபில ஆரம்பிச்சு. இலவசத்துல டிராகன்ஃபிளை ஹால்ங்கற ரிவெர்ப் பிளகின் எடுத்துக்குங்க. அதுல டிரை லெவலை கண்டிப்பா 0 ஆக்கணும். மறந்தா மூலக்குரலும் சேர்ந்து வந்து சத்தம் ஏறும், நாம "ஆஹா, ரிவெர்ப் அருமை"ன்னு ஏமாந்துடுவோம்.

டீகே (எதிரொலி வால் அடங்கற நேரம்) 1.6 நொடி. ப்ரீடிலே (குரலுக்கும் ரிவெர்ப் தொடங்கறதுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி) 41 மில்லிசெகண்ட்: 60000-ஐ 92-ஆல வகுத்தா ஒரு பீட் 652, அதுல பதினாறுல ஒரு பங்கு. இந்த இடைவெளிதான் மெய்யெழுத்தை முன்னாடி தெளிவா விட்டுட்டு வாலைப் பின்னாடி தள்ளும். ரிவெர்ப் டிராக்ல, பிளகினுக்கு முன்னாடி ஒரு ஈக்யூ (அதிர்வெண்களை ஏத்தி இறக்கற கருவி) போட்டு 600 ஹெர்ட்ஸுக்குக் கீழயும் 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேலயும் வெட்டுங்க. லண்டன் அபே ரோட் ஸ்டூடியோ வழக்கம்னு சொல்றது இதைத்தான். பேட் இருக்கற பாட்டுல 200–500 ஹெர்ட்ஸ் பகுதி ஏற்கெனவே நெரிசல். அங்கதான் உங்க பஞ்சு.

பதில் (டெசிபல்)
ரீங்காரம் ஏன்னா: அல்காரிதம் ரிவெர்புக்குள்ள (கணக்குப் போட்டு எதிரொலி உண்டாக்கறது) பல டிலே லைன், அதாவது சத்தத்தைத் தாமதமா திருப்பி விடற பாதை, சுத்திக்கிட்டே இருக்கும். அதோட நீளம் அசையாம இருந்தா சில அதிர்வெண் மட்டும் தங்கி நிக்கும். மாடுலேஷன் அந்த நீளத்தை லேசா ஆட்டி அதைக் கலைக்கும். ரியாவெர்பேட்ல அந்தக் குமிழே கிடையாது. டிராகன்ஃபிளை ஹால்ல இருக்கு, ஆனா அளவா வைங்க. கூடினா நீட்டிப் பிடிக்கற ஸ்வரமும் வீணையும் சுருதி ஆடற மாதிரி கேக்கும். சோதிக்க ஒரே ஒரு கைதட்டலை அனுப்பிப் பாருங்க, தகரம் எங்க இருந்தாலும் உடனே காட்டிக்கொடுத்துடும்.

சூப்பர்மாசிவ் வேண்டாம். நல்ல பிளகின்தான், ஆனா அது பெரிய வெளிக்கும் டிலே அடுக்குக்கும் செஞ்சது. சின்ன அறை, பிளேட் (உலோகத் தகடு ரிவெர்ப்) மாதிரி இறுக்கமா வேணும்னா அதோட மல்லுக்கட்டணும்.

வீணைத்தந்தி
செஞ்சேன் சார். ரீங்காரம் போயிடுச்சு, வார்த்தையும் கேக்குது. இப்ப ஸ, ஷ வர்ற இடத்துல மட்டும் வால்ல "ஸ்ஸ்"ன்னு தெறிக்குது.

ஃபேடர்_கீழே
ரிவெர்ப் டிராக்ல பிளகினுக்கு முன்னாடி ஒரு டீ-எஸ்ஸர் (ஸ, ஷ தெறிப்பை அமுக்கற கருவி), 5–8 கிலோஹெர்ட்ஸ்ல. பின்னாடி போட்டா பரவின வாலைத்தான் அமுக்கும், பலன் கம்மி. குரல் டிராக்ல போடற அளவை விட இங்க தாராளமாவே அடிக்கலாம், மூலக்குரல் பாதிக்காது.

டெசிபல்
இதுக்கப்புறமும் வின்டேஜ்வெர்ப் ஆசை இருந்தா டெமோ போடுங்க. அவ்வப்போது சத்தம் மங்கும், மத்தபடி முழுசா வேலை செய்யும். டிராகன்ஃபிளையையும் வின்டேஜ்வெர்பையும் தனித்தனி டிராக்ல வெச்சு, ரிவெர்பை மட்டும் சோலோ பண்ணி, அரை டிபிக்குள்ள லெவலைச் சமப்படுத்துங்க. சத்தம் கூடினது எப்பவும் நல்லா இருக்கற மாதிரிதான் தோணும். அப்புறம் முழு மிக்ஸோட, கண்ணை மூடி மாத்தி மாத்திக் கேளுங்க. பழைய டிஜிட்டல் ரிவெர்ப் நிறம் வேணும், பிரீசெட்ல உடனே வேலை முடியணும்னா 50 டாலர் நியாயமான விலை. வித்தியாசம் சோலோல மட்டும்தான் கேக்குதுன்னா அந்தக் காசுக்கு ஜன்னல்ல தடிமனான திரை வாங்கி மாட்டுங்க. ரெக்கார்டிங்ல ஏறிப்போன அறை எதிரொலி மேல எந்த ரிவெர்ப் போட்டாலும் குழம்பும்.