சங்ரியா மறுநாள் கசக்கிறது, உதவி தேவை

ஸ்பெயினில், வலென்சியாவில் இருக்கிறேன். வீட்டில் செய்யும் சங்ரியா (ஒயினில் பழங்களை ஊறவைக்கும் ஸ்பானியப் பானம்) முதல் இரண்டு மணி நேரம் அருமையாக இருக்கிறது. ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் ஊறினால் காலையில் அடிநாக்கில் கசப்பு. மூன்று வாரமாக இதேதான்.

அளவு: பீப்பாயில் வைக்காத இளம் டெம்ப்ரானியோ சிவப்பு ஒயின் 750 மி.லி., தோலோடு வட்டமாக நறுக்கிய 2 ஆரஞ்சு, 1 எலுமிச்சை, ஒரு பீச், சர்க்கரை 50 கிராம், பிராந்தி 50 மி.லி., ஒரு துண்டு பட்டை. சோடாவைப் பரிமாறும்போதுதான் ஊற்றுகிறேன்.

முதலில் ஒயினைத்தான் சந்தேகப்பட்டேன். கர்னாச்சா என்ற வேறு திராட்சை ஒயினுக்கு மாறியும் அதே கசப்பு. பட்டையை எடுத்துப் பார்த்தேன், எலுமிச்சையை விட்டுப் பார்த்தேன், பயனில்லை. சர்க்கரையைக் கூட்டினால் திகட்டுகிறது, கசப்பு போகவில்லை. அப்புறம் ஆரஞ்சுத் தோலையும் அதன் வெள்ளைச் சதையையும் முழுக்கச் சீவிவிட்டுப் போட்டேன். கசப்பு போனது, ஆனால் மணமும் கூடவே போய்விட்டது. அந்த மணம் இல்லாமல் எனக்கு அது சங்ரியாவே இல்லை.

ஞாயிறு மதியம் பாயேயா சோற்றோடு எட்டுப் பேருக்கு மண் ஜாடியில் பரிமாற வேண்டும், சனி இரவே கலந்தாக வேண்டும்.

மணம் இறங்கி, கசப்பு இறங்காமல் இருக்க ஆரஞ்சுத் தோலை எத்தனை மணி நேரம் ஊறவிடுகிறீர்கள்?