கழிவுநீர்ப் பாத்தியில் தண்ணீர் இறங்கவில்லை: மண்ணை முழுவதும் மாற்ற வேண்டுமா?

ஆனைமலை விடுதி:

வணக்கம். ஆனைமலைப் பக்கம் ஒரு மாணவர் விடுதியில் காப்பாளராக இருக்கிறேன். 60 பையன்கள். குளியல், கழிப்பறை, சமையல்கட்டுத் தண்ணீர் எல்லாம் மூன்று அறை செப்டிக் டேங்குக்குப் போய், அங்கிருந்து இரண்டு மண் பாத்திகளுக்கு வருகிறது. ஒவ்வொன்றும் 10 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். அடியில் ஜல்லி, மேலே செம்மண்ணும் ஆற்று மணலும் கலந்து முக்கால் மீட்டர், அதில் கல்வாழை. வடிந்து வரும் தண்ணீரைத் தொட்டியில் பிடித்துத் தென்னைக்கு விடுகிறோம். இத்தனை வருடம் ஒரு வம்பும் இல்லை.

இந்தக் கோடையில் இருந்து இரண்டு பாத்தியிலும் தண்ணீர் கட்டி நிற்கிறது. அழுகிய முட்டை நாற்றம், கொசு, கல்வாழை மஞ்சளடித்துவிட்டது. மழை பெய்தால் இன்னும் மோசம். கொத்தனார் முழு மண்ணையும் அள்ளிவிட்டுப் புது மண் போடச் சொல்கிறார். செலவைக் கேட்டால் தலை சுற்றுகிறது. இன்னொருவர், வரப்பை ஒரு அடி உயர்த்துங்கள், தண்ணீரின் பாரமே கீழே தள்ளிவிடும் என்கிறார். எது சரி?

வேறு மாற்றம் ஒன்றும் இல்லை. போர் தண்ணீர் உப்பாக இருக்கிறது என்று போன வருடக் கடைசியில் சாஃப்ட்னர் (தண்ணீரின் கடினத்தன்மையை எடுக்கும் கருவி) வைத்தோம், அவ்வளவுதான். கீஸரில் பொருக்குப் பிடிப்பது நின்றுவிட்டது.

இயற்கை வழி:

பஞ்சகவ்யம் வாரம் ஒரு முறை ஊற்றுங்கள் சார். நுண்ணுயிர் பெருகினால் அடைப்பைத் தின்றுவிடும். கடையில் பாக்டீரியா பவுடரும் கிடைக்கிறது.

வானூர்க்காரி:

பஞ்சகவ்யம் வயலுக்கு நல்லது, இங்கே வேண்டாம். அந்தப் பாத்தியில் நுண்ணுயிருக்குப் பஞ்சமே இல்லை. பெருகிப் போனதுதான் தொல்லையாக இருக்கலாம். மண் துகள்களுக்கு நடுவே அவை வழவழப்பாக ஒரு பசை விடும், அந்தப் பசைதான் துளைகளை மூடுகிறது. அதற்கு மேலும் தீனி ஊற்றினால் என்ன ஆகும்?

தம்பி, மண்ணை மாற்றாதீர்கள். வரப்பையும் உயர்த்தாதீர்கள். அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில், சால்ட் ஆற்றுப் படுகையில் 1967-இல் இருந்து கழிவுநீரை மணலில் இறக்கிப் பார்த்தார்கள். அந்த வேலையை நடத்திய ஹெர்மன் போவர் பின்னாளில் இதைத்தான் எழுதினார்: தண்ணீரின் ஆழம் கூடினால் மேலே படிந்த ஏடு அமுங்கி இன்னும் இறுகும், தண்ணீர் அதிக நேரம் தேங்குவதால் பாசியும் கூடும். ஆழத்தைக் கூட்டி ஊறும் வேகம் குறைந்த இடமும் உண்டு. வரப்பை உயர்த்தச் சொன்னவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

முதலில் மண்வெட்டியை எடுங்கள். ஒரு பாத்திக்குத் தண்ணீரை நிறுத்தி, நின்றது வடிந்ததும் ஓரத்தில் அரை மீட்டர் குழி வெட்டி அதன் சுவரைப் பாருங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கறுப்பு எத்தனை விரல் ஆழம் போகிறது? மேலே நாலைந்து செ.மீ. மட்டும் கறுப்பு, அதற்குக் கீழே பழைய செந்நிறம் என்றால் அடைப்பு மேலோடு முடிந்தது. அந்தக் கறுப்பு, காற்றில்லாமல் மண்ணிலுள்ள இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. ஒரு கட்டியை வெளியே வையுங்கள், காற்றுப் பட்டால் பழுப்பாகத் திரும்பும். நாற்றமும் அங்கிருந்துதான்.

அப்புறம் அந்தப் பாத்தி வெடிப்பு விடும்வரை காயட்டும். இஸ்ரேலில் டெல் அவிவ் வட்டாரத்துக் கழிவுநீரை ஷப்தான் என்ற திட்டத்தில் சுத்திகரித்து மணல் மேட்டுக் குளங்களில் இறக்குகிறார்கள். 1977-இல் தொடங்கியது. அங்கேயும் குளத்தை நிரப்பினால், அடுத்து இரண்டு மூன்று நாள் காயவிடுகிறார்கள். அவ்வப்போது உழுதும் விடுகிறார்கள். பிரான்சில் சிற்றூர்களுக்கு நாணல் பாத்தி போடும்போது ஒன்றுக்கு மூன்றாகவே கட்டுகிறார்கள்: ஒன்றில் மூன்று நான்கு நாள் தண்ணீர், பிறகு அதற்கு ஏழு நாள் ஓய்வு. ஓய்வில் பசை காய்ந்து சுருங்கும், மீதியைக் காற்றில் வாழும் கிருமிகளும் மண்புழுவும் தின்று தீர்க்கும். உங்களுடைய இரண்டும் ஒரே குழாயில் எப்போதும் திறந்தே கிடக்கின்றன என்று நினைக்கிறேன்.

ஆனால் என் சந்தேகம் வேறு. "அவ்வளவுதான்" என்று சொன்னீர்களே, அந்த சாஃப்ட்னர்.

அது போர் தண்ணீரில் இருக்கும் கால்சியம், மக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. அதைக் கழுவும் உப்புக் கரைசலும் சாக்கடைக்குத்தான் போகும். துணி துவைக்கும் பவுடரிலும் சோடியம் நிறைய. களிமண்ணைக் கட்டி கட்டியாகச் சேர்த்து வைப்பது கால்சியம். அந்த இடத்தில் சோடியம் போய் உட்கார்ந்தால் களி பிரிந்து மாவாகி, போகிற வழியில் துளைகளை அடைக்கும். நம் விவசாயிகள் களர் என்று சொல்வது இதைத்தான். உங்கள் பாத்தியில் செம்மண் இருக்கிறதே. உப்புக் கரைசல் வரும் நேரத்தில் மண் அடங்கியிருக்கும், தண்ணீர்கூட இறங்கும். அடுத்து உப்பில்லாத மழைத் தண்ணீர் விழுந்ததும்தான் களி கலங்கும். மழையில் மோசமாகிறது என்று எழுதியிருந்தீர்கள், அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது.

சோதிப்பது சுலபம். குழியின் நடுப்பகுதியில் இருந்து ஒரு சிறு கட்டி எடுத்து நிழலில் உலர்த்துங்கள். கண்ணாடி டம்ளரில் மழைத் தண்ணீரோ பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரோ எடுத்து அதில் மெல்லப் போடுங்கள், கலக்க வேண்டாம். சில மணி நேரத்தில் கட்டியைச் சுற்றிப் பால் மாதிரி ஒரு வளையம் வந்தால் சோடியம். வெறுமனே உடைந்து விழுந்து, தண்ணீர் தெளிவாக இருந்தால் அது இல்லை.

பல்லடம் பிளம்பர்:

அக்கா சொல்வதோடு இதையும் பாருங்கள். டேங்கில் சேறு எடுத்து எத்தனை வருடம் ஆச்சு? மூன்று வருடத்துக்குள் எடுத்துவிட வேண்டும். கடைசி அறையில் வெளியே போகும் குழாய்க்கு ‘டி’ (மிதக்கும் ஏட்டைத் தடுக்கும் T வடிவக் குழாய்த் துண்டு) இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பாருங்கள். அது விழுந்துவிட்டால் மிதக்கும் ஏடு நேராகப் பாத்திக்குத்தான் போகும். விடுதி சமையல் என்றால் எண்ணெய்ப் பிசுக்கு அதிகம், அதற்குத் தனித் தொட்டி கட்டாயம். வடித்த கஞ்சியும் அரிசி கழுவிய தண்ணீரும் பக்கத்துத் தோட்டத்து மாட்டுக்குப் போகட்டும்.

ஆனைமலை விடுதி:

அக்கா, குழி வெட்டினோம். மேலே ஒரு சாண் கூட இல்லை, நாலு விரல் கறுப்பு. கீழே செம்மண் நிறம், ஆனால் கெட்டியாக, சவுக்காரம் மாதிரி வழுக்குகிறது. டம்ளரில் போட்ட கட்டியைச் சுற்றிச் சாயங்காலத்துக்குள் பால் வளையம் வந்துவிட்டது. பையன்கள் போட்டோ எடுத்து வைத்திருக்கிறார்கள். டேங்கில் ‘டி’ இருக்கிறது. சேறு எடுக்க லாரிக்குச் சொல்லிவிட்டேன். இனி என்ன செய்வது? சாஃப்ட்னரை எடுத்துவிடச் சொன்னால் நிர்வாகம் ஒத்துக்கொள்ளாது.

வானூர்க்காரி:

அப்போது இரண்டும் சேர்ந்த வியாதி. சாஃப்ட்னரை முழுவதும் எடுக்க வேண்டாம், கீஸருக்குப் போகும் ஒரு குழாய்க்கு மட்டும் வையுங்கள். கழிப்பறைக்கும் துவைக்கும் இடத்துக்கும் நேரே போர் தண்ணீர். அதில் இருக்கும் கால்சியம் உங்கள் மண்ணுக்கு மருந்து. கழுவும் உப்புக் கரைசலைத் தனியாகப் பிடித்து, அகலமான சிமெண்ட் தொட்டியில் வெயிலில் வற்ற விடுங்கள். தென்னைக்கும் ஊற்ற வேண்டாம்.

பாத்தியில் கறுப்பு ஏட்டை மட்டும் சுரண்டி எடுத்து, வெயிலில் காயவைத்து, மரத்தடியில் புதையுங்கள். கீரைப் பாத்திக்கு வேண்டாம். பிறகு ஜிப்சம்; அதில் உள்ள கால்சியம் களியில் ஒட்டிய சோடியத்தைப் பிரித்துவிடும். அளவை நான் சொல்ல மாட்டேன், மண் பரிசோதனைக் கூடத்தில் மாதிரி கொடுத்தால் சோடிய விகிதத்தைப் பார்த்து அவர்களே சொல்வார்கள். 15 சதவீதத்துக்கு மேல் போனால் களர் என்று கணக்கு. தூவி, தோட்ட முள்கரண்டியால் கிளறிவிட்டு, போர் தண்ணீரை நிறைய விட்டு வடிக்க வேண்டும். வடிக்காமல் விட்டால் பிரிந்த சோடியம் அங்கேயே கிடக்கும். அந்த வடிநீரைத் தென்னைத் தொட்டிக்கு எடுக்காதீர்கள்.

ஓய்வு விஷயத்தில் ஒரு கணக்கு. ஆளுக்கு 80 லிட்டர் என்றால் நாளுக்கு 4,800 லிட்டர். இரண்டு பாத்தியும் சேர்ந்து 60 சதுர மீட்டர், அதாவது நாளுக்கு 8 செ.மீ. தண்ணீர். ஒன்றை மூடினால் மற்றதற்கு 16. இப்போதைய நிலையில் அது தாங்காது. அதனால் இந்த வேலையை அரையாண்டு விடுமுறையில், பையன்கள் ஊருக்குப் போனபின் வையுங்கள். மழை விழுந்தால் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். பிறகு ஒவ்வொரு பாத்திக்கும் தனி கேட் வால்வு போட்டு வாரா வாரம் மாற்றித் திறக்கலாம். பணம் இருந்தால் கொத்தனார் கேட்ட தொகையில் மூன்றாவது பாத்தி கட்டுங்கள், அதில் செம்மண் கலக்காமல் கழுவிய கரடு மணல் மட்டும்.

ஆனைமலை விடுதி:

சரி அக்கா. எம்.சாண்ட் போடலாமா? ஆற்று மணல் இங்கே கிடைப்பதில்லை.

வானூர்க்காரி:

போடலாம், கழுவிவிட்டு. கல் தூசி அதில் நிறைய இருக்கும். ஒரு பாட்டிலில் பாதி மணல், பாதி தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். மணலுக்கு மேல் நைசான சேற்று ஏடு கனமாகப் படிந்தால் அந்த லோடைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.