எக்ஸ்-ப்ரோ2 ஆப்டிகல் வியூஃபைண்டருக்கு எந்த லென்ஸ்?

வணக்கம் நண்பர்களே. செகண்ட் ஹேண்டில் ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்-ப்ரோ2 கேமரா வாங்கியிருக்கிறேன். சென்னை காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலத்தைப் படமெடுக்கத்தான்.

ஆப்டிகல் வியூஃபைண்டரில், அதாவது லென்ஸ் வழியாக இல்லாமல் நேரே பார்க்கும் கண்ணாடி ஜன்னலில், ஃபிரேமுக்கு (படத்தில் பதியும் பகுதிக்கு) வெளியே நடப்பதும் தெரிகிறது. கூடையோடு வருபவர் உள்ளே நுழையும் முன்பே பார்த்துவிடலாம். கூட்டத்தில் அது பெரிய வசதி! ஆனால் இரவல் வாங்கிய 16-55 மி.மீ. ஜூம் லென்ஸை மாட்டினால் வலது கீழ்ப்பக்கத்தை லென்ஸே மறைக்கிறது.

23 மி.மீ. எஃப்2, 35 மி.மீ. எஃப்2 லென்ஸ்கள் இரண்டும் முன்பக்கம் ஒடுங்கியவை, வெதர் சீலிங்கும் (ஈரம், தூசி புகாமல் தடுக்கும் அடைப்பு) உண்டு. 35 எஃப்1.4 அதிக வெளிச்சத்தை உள்ளே விடுவதால் இருட்டுக்கு நல்லது, சீலிங் கிடையாது. உப்புக்காற்றில் அதை நம்பி எடுத்துப்போக மனம் வரவில்லை.

நெருக்கமான கூட்டத்துக்கு 23ஆ, 35ஆ? லென்ஸ் முனையில் ஹூட் (பக்கவாட்டு வெளிச்சத்தைத் தடுக்கும் மறைப்பு) போட்டால் வியூஃபைண்டரில் எவ்வளவு மறைக்கும்? அப்புறம், பாரிமுனைப் பக்கம் லென்ஸை மாட்டிப் பார்த்து வாங்கக் கடை இருந்தால் சொல்லுங்கள்.