புதுக் கணினிப் பெட்டியில் நான்கு விதமான சத்தங்கள்: பவர் சப்ளையை மாற்ற வேண்டுமா?

கேள்வி (தாமுவே, ரங்கூன்)

அனைவருக்கும் வணக்கம். திருமண அழைப்பிதழ்களையும் கோயில் அறிக்கைகளையும் அச்சுக்குத் தயாரித்துக் கொடுப்பது என் தொழில். அவ்வப்போது திருமண வீடியோக்களையும் தொகுத்துக் கொடுக்கிறேன். பல ஆண்டுகள் உழைத்த பழைய கணினி ஓய்ந்துவிட்டதால், சென்ற மாதம் பாகங்களைத் தேர்ந்தெடுத்துக் கடையிலேயே பொருத்தச் சொல்லிப் புதுப் பெட்டி ஒன்றை வாங்கினேன். பழைய கணினியில் இருந்த 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கை மட்டும், அதில் என் எழுத்துருக்களும் இதுவரை செய்த வேலைகள் அனைத்தும் இருப்பதால், கழற்றிப் புதியதில் மாட்டிக்கொண்டேன்.

பெட்டி வேகமாக இயங்குகிறது. அதில் குறை இல்லை. ஆனால் சத்தம் தாங்க முடியவில்லை. காலையில் சுவிட்சைப் போட்டதும் இரண்டு மூன்று விநாடிகளுக்கு 'டிக் டிக்' என்று தொடங்கி, பிறகு அது 'ர்ர்ர்' என்ற ஒரே இரைச்சலாகிவிடுகிறது. பக்கவாட்டில் லேசாகத் தட்டினால் சில நாட்களில் நின்றுவிடுகிறது. நீண்ட கோப்பை மேலும் கீழும் நகர்த்தும்போதும், என் மகன் விளையாட்டைத் திறந்து அதன் முகப்புத் திரையில் நிற்கும்போதும் கொசு காதருகே பறப்பதுபோல் 'ஙொய்' என்று மெல்லிய ஒலி எழுகிறது. மின்சாரம் போய் இன்வெர்ட்டர் வந்தால் பெட்டியின் பின்பக்கம் முழுவதும் உறுமத் தொடங்குகிறது; என்னை அதிகம் பயமுறுத்துவது இந்த உறுமல்தான். இவை தவிர, நாளுக்கு ஓரிரு முறை 'கடக்' என்று ஒரு சத்தம் கேட்டு, திரை சில விநாடிகள் அப்படியே நின்று மீண்டும் நகர்கிறது. அது எப்போதாவதுதான் வருகிறது என்பதால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடைக்குத் தூக்கிச் சென்றேன். அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்து, ஒரு சத்தமும் இல்லை, பழுதும் இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு நண்பரோ பெட்டிக்குள் மின்சாரத்தை மாற்றித் தரும் பவர் சப்ளை மட்டமானது, உடனே மாற்று என்கிறார். இன்றைய விலையில் அதை வாங்குவதற்கு முன் விவரம் தெரிந்தவர்களைக் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

மறுமொழி (சிரியம், கணினி பழுது பார்ப்பவர்)

அண்ணா, முதலில் பவர் சப்ளையை மாற்றாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் இது ஒரே பழுதின் நான்கு முகங்களாகத் தெரியவில்லை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு சத்தங்களாகத்தான் தெரிகிறது. தகரப் பெட்டிக்குள் ஓர் ஒலி எழுந்தால் அது நான்கு சுவர்களிலும் மோதி எங்கிருந்தோ வருவதுபோல் கேட்கும். ஆகையால் 'எங்கிருந்து வருகிறது' என்று தேடுவதற்கு முன், 'எது மாறும்போது இந்தச் சத்தமும் மாறுகிறது' என்று பார்ப்பதுதான் எனக்குப் பழக்கம். உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருப்பதற்குக் காரணம், ஒவ்வொரு சத்தமும் எப்போது வருகிறது என்பதை நீங்கள் கவனித்து எழுதியிருப்பதுதான்.

'டிக் டிக்' என்று தொடங்கி 'ர்ர்ர்' ஆவது ஃபேனின் இறக்கையில் ஏதோ ஒரு வயர் உரசுவதால் வருவதாகவே இருக்கும். ஃபேன் நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும்போது ஒவ்வோர் இறக்கையும் வயரில் தட்டுவது தனித்தனியாகக் காதில் விழும். ஏழு இறக்கை உள்ள ஃபேன் நிமிடத்துக்கு 1200 சுற்று என்ற வேகத்தை எட்டிவிட்டால், விநாடிக்கு 20 சுற்று, அதாவது 140 தட்டு. அதைக் காது ஒரே இரைச்சலாகத்தான் கேட்கும். தட்டினால் நிற்பது, வயர் சற்று விலகுவதால். பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிட்டு, பக்கப் பலகையைக் கழற்றி, ஒவ்வொரு ஃபேனையும் விரலால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். உரசும் இடத்தில் வயரின் மேலுறை பளபளவென்று தேய்ந்திருக்கும். கேபிள் டை ஒன்றைப் போட்டு இழுத்துக் கட்டிவிட்டால் வேலை முடிந்தது. வயர் எதுவும் படாமலே சத்தம் வந்தால், பெட்டியின் ஃபேன்களை ஒவ்வொன்றாக மதர்போர்டிலிருந்து கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். எதைக் கழற்றும்போது சத்தம் நிற்கிறதோ அதன் பேரிங்தான் காரணம். பிராசசர் மேல் இருக்கும் ஃபேனை மட்டும் அப்படிக் கழற்றிவிட்டு ஓட்ட வேண்டாம்.

கொசுச் சத்தம் உங்கள் கிராஃபிக்ஸ் கார்டில் உள்ள கம்பிச் சுருள்களின் சத்தம். மின்னோட்டம் வேகமாக ஏறி இறங்கும்போது சுருளின் கம்பியும் அதன் உள்ளகமும் நூலிழை அளவு அதிர்கின்றன. அந்த அதிர்வு நம் காது கேட்கும் எல்லைக்குள் வந்தால் 'ஙொய்' என்று ஒலிக்கும். விளையாட்டின் முகப்புத் திரையில் வரைய அதிக வேலை இல்லாததால், தடை ஏதும் இல்லையென்றால் கார்டு விநாடிக்குப் பல நூறு படங்களை வரைந்து தள்ளும். ஆடும்போது வராத சத்தம் சும்மா நிற்கும்போது வருவது அதனால்தான். உங்கள் திரை 60 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 60 முறை படம் மாற்றுவது, என்றால் அதற்கு மேல் வரைவதில் பயனே இல்லை. விளையாட்டின் அமைப்பில் வரையும் வேகத்தைத் திரையின் வேகத்தோடு பொருத்தும் வி-சிங்க் என்பதை இயக்கினால் சத்தம் பெருமளவு அடங்கும். இது எரிச்சல் தரும். ஆனால் கார்டு இதனால் பழுதாவதில்லை. கடைக்காரர் பழுது இல்லை என்று சொன்னது இந்த ஒன்றுக்கு மட்டும் பொருந்தும்.

என்னை உறுத்துவது நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்தக் 'கடக்'தான். சத்தத்தோடு திரையும் நிற்கிறது என்றால், பழைய ஹார்ட் டிஸ்க் ஓர் இடத்தைப் படிக்க முடியாமல் தன் படிக்கும் தலையை இழுத்து மீண்டும் மீண்டும் முயல்கிறது என்று பொருள் கொள்ளலாம். புதுப் பெட்டி என்று எழுதினாலும், அதில் மிக வயதான பாகம் அதுதான். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு, 05, சி5, சி6 என்று குறிக்கப்பட்ட மூன்று வரிகளில் கடைசியாக உள்ள எண்ணை எழுதுங்கள். ஆனால் அதற்கும் முன்னதாக, இன்றைக்கே, முக்கியமான கோப்புகளை வேறோர் இடத்துக்கு நகலெடுத்துவிடுங்கள். டிஸ்க்கைச் சரிபார்க்கும் கருவிகள் எதையும் இப்போது ஓட்ட வேண்டாம். நோயாளியை ஓடவிட்டு இதயத்தைச் சோதிப்பதுபோல் ஆகிவிடும்.

மறுமொழி (மோல்மீன், ஓய்வு பெற்ற மின்பணியாளர்)

தம்பி, இன்வெர்ட்டர் பற்றி நான் சொல்கிறேன். வெளியிலிருந்து வரும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதன் அலை மேடும் பள்ளமுமாக வழுக்கிக்கொண்டு செல்லும். விலை குறைந்த இன்வெர்ட்டர்கள் அந்த அலையை அப்படியே உண்டாக்குவதில்லை. மாடிப்படி ஏறி இறங்குவதுபோல் சட்டென்று உயர்ந்து, சிறிது நின்று, சட்டென்று இறங்கும் ஓர் அலையைத்தான் தருகின்றன. பெட்டியின் மேல் 'மாடிஃபைடு சைன் வேவ்' என்று எழுதியிருந்தால் இந்த வகை. 'பியூர் சைன் வேவ்' என்று இருந்தால் வேறு காரணம் தேட வேண்டும்.

மாடிப்படி அலையின் கூரான விளிம்பு ஒவ்வொன்றும் பவர் சப்ளைக்குள் இருக்கும் சுருளையும் மின்தேக்கியையும் ஓர் உலுக்கு உலுக்கும். அலை ஒரு சுழற்சிக்கு இரண்டு முறை உச்சத்தைத் தொடுவதால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் உறுமல் 100 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் கேட்கும். வீட்டில் உள்ள சீலிங் ஃபேனைக் கவனியுங்கள். இன்வெர்ட்டரில் அதுவும் முனகும். ஃபேன் முனகி, கணினியும் உறுமினால், குற்றம் கணினியில் இல்லை. புதுப் பவர் சப்ளை வாங்கி மாட்டினாலும் அதே உறுமல் வந்துகொண்டேதான் இருக்கும்.

உறுமல் கேட்டதும் உடனே எரிந்துவிடும் என்பதில்லை. ஆயினும் இப்போதைய பவர் சப்ளைகள் பலவற்றுக்கு மாடிப்படி அலை ஒத்துக்கொள்வதில்லை. வீடியோ தொகுப்பதுபோன்ற சுமையான வேலை நடக்கும்போது சட்டென்று அணைந்துவிடவும் கூடும். இன்வெர்ட்டரில் இருக்கும்வரை அழைப்பிதழ் வேலையைச் செய்யுங்கள், வீடியோ வேலையை மின்சாரம் வந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: சத்தத்தைத் தேடுகிறேன் என்று பவர் சப்ளையின் மூடியைத் திறக்காதீர்கள். பிளக்கை உருவிய பிறகும் அதற்குள் 300 வோல்ட்டுக்கு மேல் சிறிது நேரம் தங்கியிருக்கும். நாற்பது ஆண்டுகள் இந்த வேலை பார்த்த நானே அதில் கை வைப்பதில்லை.

மறுமொழி (பெகு)

'கடக்' என்றதும் என் அனுபவத்தைச் சொல்லத் தோன்றியது. எங்கள் வீட்டிலும் இதே சத்தம் வந்து, ஹார்ட் டிஸ்க் போயிற்று என்று நான் கலங்கியிருந்தேன். கடைசியில் பார்த்தால், மேசைக்கு அடியில் இருந்த ஸ்டெபிலைசர்தான் காரணம். மாலையில் எல்லா வீடுகளிலும் விளக்கு எரியத் தொடங்கியதும் வோல்ட்டேஜ் இறங்கும். ஸ்டெபிலைசருக்குள் இருக்கும் ரிலே என்ற சுவிட்ச் இடம் மாறும்போது 'டக்' என்று தட்டும், முகப்பில் எண்ணும் சட்டென்று மாறும். நீங்களும் ஒரு மாலை அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் தெரிந்துவிடும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. பக்கப் பலகையைத் திறந்ததும் முதல் சத்தம் பிடிபட்டுவிட்டது. முன்பக்கப் பொத்தானுக்குச் செல்லும் மெல்லிய வயர் ஒன்று கீழ் ஃபேனின் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. சிரியம் தங்கை எழுதியதுபோலவே ஓர் அங்குல நீளத்துக்கு உறை தேய்ந்து மினுமினுத்தது. கேபிள் டை போட்டுக் கட்டியபின் இரண்டு நாட்களாக அந்தச் சத்தமே இல்லை. கடைக்குத் தூக்கிச் சென்றபோது குலுங்கிய குலுக்கலில் வயர் விலகியிருக்க வேண்டும்; அங்கே ஒன்றும் கேட்காமல் போனதன் காரணம் இப்போதுதான் விளங்குகிறது. வி-சிங்க் போட்டதும் முகப்புத் திரையில் கொசு அடங்கிவிட்டது, கோப்பை நகர்த்தும்போது மட்டும் இன்னும் லேசாகக் கேட்கிறது.

ஐயா, இன்வெர்ட்டரைத் திருப்பிப் பார்த்தேன். 'மாடிஃபைடு' என்றுதான் எழுதியிருக்கிறது. நேற்று மின்சாரம் போனபோது கணினியை அணைத்துவிட்டுக் காது கொடுத்தேன். சீலிங் ஃபேன் நீங்கள் சொன்ன அதே குரலில் முனகிக்கொண்டிருந்தது. ஐந்து ஆண்டுகளாக அதன் கீழேதான் தூங்குகிறேன், இதுவரை காதில் விழுந்ததே இல்லை.

பெகு நண்பர் சொன்ன ஸ்டெபிலைசர் எங்கள் வீட்டிலும் இருப்பதால், அதுவாக இருக்க வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேதான் பார்த்தேன். மாலை ஆறரைக்கு அதுவும் 'டக்' என்றது, ஆனால் திரை நிற்கவில்லை. அந்தச் சத்தமும் வேறு. பிறகு மின்சாரம் போய், ஸ்டெபிலைசர் இணைப்பில் இல்லாமல் இன்வெர்ட்டரில் மட்டும் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் 'கடக்' வந்தது, திரையும் நின்றது. மென்பொருளில் மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை காட்டுகிறது. 05 என்ற வரியில் 10, சி5 என்ற வரியில் 28, சி6 இல் பூச்சியம். எண்கள் சிறியவையாகத் தெரிகின்றன. இன்னும் ஓராண்டு தாங்குமா?

மறுமொழி (சிரியம்)

அண்ணா, அந்த எண்களை அப்படியே படிக்கக் கூடாது. அமைப்பில் மாற்றாத வரையில் அந்த மென்பொருள் அவற்றைப் பதினாறின் அடிமானத்தில் காட்டும். 10 என்றால் 16. 28 என்றால் 40. பழுதாகி ஏற்கெனவே மாற்று இடம் கொடுக்கப்பட்ட பகுதிகள் 16, படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் பகுதிகள் 40. ஓராண்டு தாங்குமா, ஒரு வாரம் தாங்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. அதை நம்பி ஒரு கோப்பைக்கூட விட்டுவைக்க வேண்டாம்.

நகலெடுக்கும்போது முழு டிஸ்க்கையும் ஒரேயடியாக இழுக்காதீர்கள். முதலில் எழுத்துருக்கள், அடுத்து நடந்துகொண்டிருக்கும் வேலைகள், பிறகு பழைய அழைப்பிதழ்கள், வீடியோக்கள் கடைசியில் என்று சிறு சிறு பகுதியாக எடுங்கள். ஏதாவது ஒரு கோப்பில் 'கடக்' என்று நின்றுவிட்டால், அதோடு போராடாமல் ஒதுக்கிவிட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள். இன்வெர்ட்டரில் ஓடும்போது இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். மின்சாரம் வரும் நேர அட்டவணையைப் பார்த்து, தடையில்லாமல் நான்கு மணி நேரம் கிடைக்கும் நாளில் உட்காருங்கள். பவர் சப்ளைக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு புதிய டிஸ்க் வாங்கிவிடலாம்.

கேள்வி கேட்டவர்

நாளைக் காலை ஐந்து மணிக்கு எங்கள் பகுதிக்கு மின்சாரம் வரும் முறை. எழுத்துருக்களை இப்போதே பென் டிரைவில் எடுத்துவிட்டேன். 212 கோப்புகளில் மூன்று வரவில்லை.