பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீடு: என் சாம்பிள் கெட்டுவிட்டதா?

கேள்வி:
எம்.எஸ்சி. நர்சிங் படிக்கிறேன். ஒரு கிராமத்தில் 30 வயதைத் தாண்டியவர்களின் பி.பி. பற்றி ஆய்வு. 1,600 வீடுகள், தேவை 200 பேர். எட்டு வீட்டுக்கு ஒன்று என்று கணக்குப் போட்டு, முதல் வீடு எது என்று சீட்டுக் குலுக்கியதில் 5 வந்தது. 5, 13, 21 என்று போனேன். காலை பத்து மணிக்குப் போனால் நிறைய வீடு பூட்டு. அங்கெல்லாம் பக்கத்து வீட்டில் எடுத்துக்கொண்டேன். 120 பேர் முடித்துப் பார்த்தால் 78 பேர் அறுபதைத் தாண்டியவர்கள்! இன்னும் 100 வீடு சேர்த்தால் சரியாகுமா?

பதில் 1:
ஆகாது. அதே பத்து மணிக்குத்தானே போவீர்கள்? நூறு நாள் வேலைக்கும் மில்லுக்கும் போனவர்கள் அப்போது வீட்டில் இருக்க மாட்டார்கள். வயது ஏற ஏற பி.பி.யும் ஏறும், அதனால் உங்கள் சதவீதம் ஊர் நிலவரத்தைவிடக் கூடுதலாகத்தான் வரும். 1936 அமெரிக்கத் தேர்தலில் யாருக்கு ஓட்டு என்று கேட்ட ‘லிட்டரரி டைஜஸ்ட்’ பத்திரிகைக்கு 20 லட்சத்துக்கும் மேல் பதில் அட்டைகள் வந்தன. அதை வைத்து, ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்றது. 48 மாநிலங்களில் 46 ரூஸ்வெல்ட்டுக்குப் போனது. தப்பான ஆட்களை எத்தனை பேர் சேர்த்தாலும் தப்புதான். பூட்டிய வீட்டு எண்கள் கைவசம் இருக்கிறதா?

கேட்டவர்:
இருக்கிறது சார். நோட்டில் ‘பூ’ என்று போட்டிருக்கிறேன், 47 வீடு.

பதில் 1:
அப்படியானால் பிழைத்தீர்கள். பக்கத்து வீட்டில் எடுத்த 47 பேரையும் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த ‘பூ’ வீடுகளுக்கு மாலை ஆறுக்கு மேல், ஞாயிறு என நேரம் மாற்றி மூன்று தடவை போங்கள். அப்படியும் பூட்டியிருந்தால் ‘பதில் கிடைக்கவில்லை’ என்று எழுதுங்கள், வேறு வீடு வேண்டாம்.

பதில் 2:
ஒன்று விட்டுப்போச்சு. வீட்டுக்குள் யாரிடம் எடுத்தீர்கள்?

கேட்டவர்:
கதவைத் திறந்தவரிடம், அக்கா.

பதில் 2:
அங்கேதான் மீதிக் கோளாறு. கதவைத் திறப்பது பெரும்பாலும் பாட்டிதான். வீட்டுக்குள் யாரை எடுப்பது என்பதற்காகவே லெஸ்லி கிஷ் என்ற புள்ளியியல் அறிஞர் 1949-இல் ஓர் அட்டவணை முறை தந்தார். உங்களுக்குச் சீட்டே போதும்: முப்பதைத் தாண்டிய எல்லாருக்கும் சீட்டு எழுதி ஒன்றை எடுங்கள். மற்ற 73 வீட்டிலும் இதைச் செய்யுங்கள். பழைய ஆளே வந்தால் பழைய அளவு போதும். அப்புறம், நான்கு பேர் உள்ள வீட்டில் ஒருவருக்குக் கால் பங்கு வாய்ப்புதான், தனியாக இருப்பவர் நிச்சயம் வருவார். கணக்கிடும்போது அந்த எண்ணிக்கையால் எடை கொடுக்க, அதாவது நான்கு பேர் வீட்டிலிருந்து வந்தவரை நான்கு பேராக எண்ண, மறக்காதீர்கள்.

கேட்டவர்:
நேற்று மாலை ஒன்பது ‘பூ’ வீட்டுக்குப் போனேன், ஆறு திறந்திருந்தது. ஒரு வீட்டில் சீட்டு விழுந்தவர் 34 வயது லாரி டிரைவர். பி.பி. 160/100, இரண்டு முறை பார்த்தேன். அவருக்கே இதுவரை தெரியாது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இன்று போகச் சொல்லியிருக்கிறேன்.