சைக்கஸ் கூம்பில் கூன்வண்டு: எரிக்கிறதா, விடுறதா?

உப்புவெளி நேர்சரி:
"கூம்பில இருக்கிற கூன்வண்டு நல்லது, மருந்தடிக்காதேங்கோ" எண்டு, பூவுக்குப் பதிலாக் கூம்பு விடுற சைக்கஸ் அழகுமரங்களைப் பற்றி ஒருத்தர் எழுதிப் பரப்புறார். வாசிக்கவே எரிச்சல் வருது. அந்தலியரைனஸ் எண்ட கூன்வண்டு இனம் தெரியுமோ? மூக்கு உடம்பை விட நீளம். செதில் இடுக்கால மூக்கை விட்டு, விதையாகப்போற சூலைத் துளைச்சு முட்டை போடும். விதை முழுக்கப் புழு. ஆண் கூம்பு, பெண் கூம்பு எண்டு பாராமல் வெட்டி எரியுங்கோ.

கன்னியாக்காரன்:
எழுதினது நான்தான். அண்ணை, அந்தலியரைனஸ் தென்னாபிரிக்காவில என்செபலார்டோஸ் எண்ட சைக்கஸ் வகை மரத்தில வாழுற வண்டு. நீள மூக்கும் பெண் வண்டுக்குத்தான், ஆணுக்குக் கட்டை. நான் எழுதினது ரோபலோட்ரியா எண்ட வேற கூன்வண்டைப் பற்றி. அந்தலியரைனஸ் பிரென்டிடே குடும்பம், ரோபலோட்ரியா பெலிடே. மெக்சிக்கோவின்ர சாமியா எண்ட சைக்கஸ் வகையில ரோபலோட்ரியா ஆண் கூம்பிலதான் கூடும், அங்கதான் முட்டை போடும். புழு தின்னுறது செதிலின்ர மாச்சத்துச் சதையை. அந்தச் செதிலுக்குள்ளேயே கூட்டுப்புழுவாகி, மகரந்தம் பூசிக்கொண்டு வெளியில வரும். பெண் கூம்புக்குப் போகும், ஆனால் அங்க பெருகாது. ஆண் கூம்பில விதை எங்க இருக்கு, துளைக்க?

உப்புவெளி நேர்சரி:
மூக்கு இருக்கோ இல்லையோ? அதைச் சொல்லும். மூக்குள்ளது துளைக்கும். தென்னையில சிவப்புக் கூன்வண்டு செய்யிற நாசம் திருகோணமலையில ஆருக்குத் தெரியாது?

மூதூர்த் தோட்டம்:
ரெண்டு பேரும் வீணாச் சண்டை பிடிக்கிறியள். சைக்கசுக்கு வண்டே தேவையில்லை. கச்சான் காற்று அடிக்கேக்க மகரந்தம் தானாப் பறந்து போகும்.

கன்னியாக்காரன்:
காற்றுக் கதையை 1980களிலேயே புளோரிடாவில சோதிச்சுப் பார்த்திட்டினம். பூச்சி புகாமல் மூடின சாமியாக் கூம்பில விதை பிடிக்கேல்லை. காற்றை மறிச்சு, பூச்சிக்கு வழி விட்டதில பிடிச்சுது. இஞ்சத்தைத் தோட்டங்களில நட்ட சாமியாவுக்கு அந்த வண்டு இல்லை, அதாலதான் கையால மகரந்தம் போட வேணும். ஆண் கூம்பு நீண்டு செதில் விரிஞ்ச உடனே வெட்டி, வெள்ளைத் தாளில தட்டுங்கோ. நிழலில ஒரு நாள் காயவிட்டு, தேயிலை வடியால அரிச்சு, ஈரம் உறிஞ்சுற சிலிக்காப் பையோட போத்தலில அடைச்சுப் பிரிட்ஜில வையுங்கோ. ஈரம் பட்டால் கட்டியாகிப் பூஞ்சணம் பிடிக்கும். பெண் கூம்பில செதில் வரிசைகளுக்கு இடையில வெடிப்பு விழுறது சில நாளைக்குத்தான். அப்ப ரப்பர் ஊதியால ஒருநாள் விட்டு ஒருநாள், ரெண்டு மூண்டு தரம் ஊதுங்கோ. வெடிப்பு மூடினாப் பிறகு ஊதிப் பலனில்லை. கடைசியில சதையை உரிச்சு விதையைத் தண்ணியில போடுங்கோ. மிதக்கிறது பெரும்பாலும் கோது.

உப்புவெளி நேர்சரி:
நீட்டி எழுதினால் உண்மையாகாது. மூக்கு எத்தினை மில்லிமீற்றர்? அதுக்கு மறுமொழி இல்லை. போன மாரியில சைக்கஸ் அடித்தண்டு அழுகலுக்கும் இப்பிடித்தான் வகுப்பெடுத்தீர். கன்று தப்பினதோ?

கன்னியாக்காரன்:
வடிகால் இல்லாத களியில நட்டிட்டு என்னைக் கேளாதேங்கோ. அடியில பரல் போடச் சொன்னேன், ஒருத்தரும் போடேல்லை. மூக்கு நீளம் அந்தலியரைனசின்ர அடையாளம், ரோபலோட்ரியாவுக்கு அது பொருந்தாது. சாமியா, என்செபலார்டோஸ் மாதிரி இல்லாமல், சைக்கஸ் எண்டே பேருள்ள இனத்துப் பெண் மரத்தில இறுக மூடின கூம்பே இல்லை, இலை மாதிரி விரிஞ்ச தாங்கிகளில சூல் வெளியிலதான் கிடக்கும். அதுக்கு ஏன் ஊசி மூக்கு?

நிலாவெளிப் பூந்தோட்டம்:
கூம்பை விடுங்கோ. இளங்குருத்தைத் தின்னுற பச்சைப்புழுவுக்கு ஒரு வழி சொல்லுங்கோ. அதுவும் கூன்வண்டின்ர புழுவோ?

கன்னியாக்காரன்:
இல்லை. அது சின்ன நீல வண்ணத்துப்பூச்சியின்ர புழு. குருத்து சுருள் விரியாமல் மெத்தெண்டு இருக்கேக்கதான் தின்னும், எறும்பு கூடவே நிற்கும். குருத்து வந்த நாள் தொடக்கம் காலையில பார்த்து, முட்டையையும் புழுவையும் கையால நசுக்குங்கோ. ஓலை முத்தினால் பிறகு தொடாது.

உப்புவெளி நேர்சரி:
கையால நசுக்கவோ? நூறு கன்றுள்ளவன் என்ன செய்யிறது? மருந்துதான் வழி, குருத்துக்கும் கூம்புக்கும்.

கன்னியாக்காரன்:
குருத்துக்கு அடியுங்கோ, அது உங்கட பாடு. மகரந்தம் கொட்டி முடிஞ்ச ஆண் கூம்பை எரிக்காதேங்கோ. வண்டு வாழுற இடங்களில அடுத்த தலைமுறை அந்த அழுகல் கூம்புக்குள்ளதான் வளருது. எரிச்சால் அடுத்த கூம்பு வரேக்க மகரந்தம் காவ ஒண்டும் மிஞ்சாது.

உப்புவெளி நேர்சரி:
மூக்குள்ள வண்டை நான் தோட்டத்தில விடமாட்டன்.

மூதூர்த் தோட்டம்:
கச்சான் காற்றைப் பற்றி நான் சொன்னதை மூதூரில ஆர் சோதிச்சது? புளோரிடாக் காற்றும் எங்கட காற்றும் ஒண்டோ?